வாட்டர்பேஸ் மேல் கிளியர் அடித்து பேக் போட்டதும் ஊசிமுனைக் குமிழ்: மழைக்காலத்தில் எப்படிக் காய வைக்கிறீர்கள்?

அம்பத்தூர்_பூத்:

வணக்கம். அம்பத்தூரில் டிங்கரிங், பெயிண்டிங் ஷாப் நடத்துகிறேன். தின்னரில் கரைக்கும் சால்வென்ட் பேஸ் கோட்டை (கிளியருக்கு அடியில் போகும் கலர்) விட்டு, தண்ணீரில் கரைக்கும் வாட்டர்பேஸுக்கு மாறியிருக்கிறோம். கோடையில் எந்தத் தொந்தரவும் இல்லை. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து கிளியரில் (கலருக்கு மேல் போகும் நிறமில்லாத பூச்சு) குமிழ் வருகிறது.

வேலை விவரம்: சில்வர் மெட்டாலிக், பானெட் முழுவதும். 2கே சர்பேசர் (இறுக வைக்கும் ஹார்ட்னர் கலந்து அடிக்கும் அடிப்பூச்சு), கடைசியாக 600 நம்பர் பேப்பர். எச்விஎல்பி கன் (குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்று விட்டு அடிப்பது), 1.3 மிமீ நாசில், கன்னுக்கு வரும் காற்று 2 பார். பேஸ் இரண்டு கோட், அப்புறம் ஒரு டிராப் கோட் (மெட்டாலிக் துகள் சீராகப் படிய மெல்லிசாகத் தூவுவது). ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் பத்து நிமிடம். கடைசிக் கோட் முடிந்ததும் பூத்தை (பெயிண்ட் அடிக்கும் அடைத்த அறை) பேக் மோடில் (சூடேற்றிக் காய வைக்கும் நிலை) போட்டு 60 டிகிரியில் பதினைந்து நிமிடம் காய வைத்தோம். ஆறிய பிறகு எச்எஸ் (ஹை சாலிட்ஸ்) 2கே கிளியர் இரண்டு கோட், மறுபடி 60 டிகிரியில் அரை மணி நேரம்.

வெளியே எடுத்தால் பானெட்டின் முன் உதட்டிலும், மேலே ஓடும் மடிப்புக் கோட்டின் ஓரத்திலும் ஊசிமுனை அளவில் குமிழ்கள். நடுப்பரப்பு சுத்தம். சாய்த்துப் பார்த்தால் மேகம் மேகமாகவும் தெரிகிறது. இன்னொன்று, மறுநாள் பாலிஷ் போடப் போனால் கிளியர் இன்னும் இளசாகவே இருக்கிறது, நகம் அழுத்தினால் பதிகிறது. அன்றைக்கு வெளியே ஈரப்பத மீட்டர் 85 காட்டியது.

கிளியரை மாற்றிப் பார்க்கச் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மதுரை_என்சி:

இதற்குத்தான் நான் அந்தப் பக்கமே போகவில்லை. சால்வென்ட் பேஸ் அடித்தால் கால் மணி நேரத்தில் கிளியர் போடலாம், மழையாவது வெயிலாவது. நம் ஊர் ஈரத்துக்குத் தண்ணீர் பெயிண்ட் ஒத்து வராது தம்பி. குளிர்நாட்டுக்காரர்கள் அவர்கள் சட்டத்துக்காகச் செய்தது அது.

ரொறன்ரோ_பெயின்ரர்:

அம்பத்தூர் தம்பி, கிளியரை மாற்ற வேண்டாம். முதலில் இரண்டு விஷயம் சொல்லுங்கோ.

ஒன்று, பத்து நிமிடம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பத்து நிமிட முடிவில் பேஸ் முழுக்க மங்கிப் போயிருந்ததா, அல்லது எங்காவது ஈரப் பளபளப்பு மிச்சம் இருந்ததா? உதட்டின் அடிப்பக்கம் குனிந்து பார்த்தீர்களா?

இரண்டு, உங்கள் பூத் பேக் மோடுக்குப் போனால் வெளிக்காற்றை எடுக்கிறதா, உள்ளே இருக்கிற காற்றையே திரும்பச் சுற்றுகிறதா?

நாங்கள் இங்கே கனடாவில் 2009இல் வந்த விதிக்குப் பிறகு கலர் கோட்டுக்கு லிட்டருக்கு 420 கிராம் விஓசி (காற்றில் ஆவியாகிப் போகும் சால்வென்ட்) வரம்புக்குள்தான் பாவிக்கிறோம். அதனால் வாட்டர்பேஸ் பழகிவிட்டது. ஆகஸ்ட் மாதத்தில் இங்கேயும் நல்ல புழுக்கம் இருக்கும். அப்போதும் வேலை நடக்கத்தான் செய்கிறது.

அம்பத்தூர்_பூத்:

@ரொறன்ரோ_பெயின்ரர் நன்றி அண்ணா. நடுவில் மங்கியிருந்தது. உதட்டின் அடியில் குனிந்து பார்க்கவில்லை, நேரம் பார்த்துத்தான் அடுத்த கோட் போனது.

பேக் மோடில் டேம்பர் (காற்று வழியை மூடும் தகடு) மூடிக்கொண்டு உள்காற்றே சுற்றும். வெளியிலிருந்து கொஞ்சம்தான் வரும். டீசல் மிச்சமாகும் என்று பூத் மாட்டிக் கொடுத்தவர்கள் அப்படி வைத்திருக்கிறார்கள்.

கோவை_பேனல்:

விடை கிடைத்துவிட்டது. விவரமாக எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

பெரும்பாலான பூத்களில் பேக் மோடில் 80 முதல் 90 சதவீதக் காற்று திரும்பத் திரும்ப உள்ளேயே சுற்றும். சால்வென்ட் கிளியரை இறுக வைக்க அது போதும். வாட்டர்பேஸைக் காய வைக்க அது தவறான மோடு. பானெட்டை விட்டு எழுந்த நீராவி வெளியே போக வழியில்லாமல் அதே பானெட்டின் மேலேயே திரும்ப வந்து இறங்குகிறது. சூடு இருக்கிறது, ஆனால் காற்று ஈரத்தை வாங்கிக்கொள்ளும் நிலையில் இல்லை. மழைநாளில் கதவு ஜன்னல் சாத்திய அறையில் கொடி கட்டித் துணி போட்டு ஹீட்டர் வைத்தால் துணி எப்படிக் காயும், அதே கதைதான்.

தண்ணீரை வெளியேற்றுவது ஓடும் காற்று. சூடு அந்தக் காற்றுக்கு ஈரத்தை வாங்கும் வயிற்றைக் கொடுக்கிறது, அவ்வளவுதான். கணக்கு பார்ப்போம். வெளியே 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வையுங்கள். அதே காற்றைப் புதிதாக உள்ளே இழுத்து 40 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் சுமார் 46 சதவீதமாக இறங்கிவிடும். ஒரு துளி தண்ணீரைக்கூட எடுக்கவில்லை, வெறும் பத்து டிகிரி ஏற்றினோம், அவ்வளவே. சென்னை மழையிலும் இது நடக்கும். அதனால் பேஸ் காயும்போது பூத் ஸ்ப்ரே மோடிலேயே இருக்கட்டும், முழுக்க வெளிக்காற்று, பர்னரை 35 முதல் 40 டிகிரிக்கு வையுங்கள். 60 வேண்டாம்.

டீசல் கூடத்தான் போகும். ஒரு பானெட்டைத் திரும்பச் சுரண்டி அடிப்பதைவிட அது மலிவு.

அடுத்தது ஏர் புளோயர். கையில் பிடிக்கும் வெஞ்சுரி வகையோ (சுற்றியுள்ள காற்றையும் சேர்த்து இழுத்து ஊதுவது), ஸ்டாண்டில் மாட்டுவதோ, எதுவானாலும் சரி. பூத்தின் மேலிருந்து கீழே இறங்கும் காற்று நொடிக்கு அரை மீட்டருக்குள்தான் இருக்கும். பேனலின் தோலை ஒட்டி நிற்கும் ஈரப்படலத்தை நகர்த்த அது பத்தாது. புளோயரைப் பேனலுக்கு நேராகக் குத்தாமல் 45 டிகிரி சாய்வில், இரண்டு மூன்று அடி தள்ளி, நீளவாக்கில் ஓட விடுங்கள். நேராகக் கிட்டே பிடித்தால் பேஸ் அலை அலையாகத் தள்ளும், தரைத் தூசியும் ஏறும். பானெட் உதடு, கதவு ஓரம், கைப்பிடிக் குழி, பம்பரின் கிரில் பகுதி என்று தண்ணீர் தேங்கும் இடங்களுக்குத் தனியாக நேரம் கொடுங்கள். உங்கள் குமிழ் முழுவதும் அந்த இடங்களில்தான் வந்திருக்கிறது பாருங்கள்.

கடிகாரத்தை மறந்துவிடுங்கள். கண்ணால் பாருங்கள். டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்து, விளக்கொளி பேனலில் வழுக்கிப் போகும்படி பார்த்தால், காய்ந்த இடம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரே சீராக மங்கியிருக்கும். ஈரமான இடம் கொஞ்சம் அடர்ந்த சாம்பலாக, ஒரு கோடு போலத் தெரியும். அந்தக் கோடு மறையும்வரை அடுத்த கோட் இல்லை, கிளியரும் இல்லை.

திருச்சி_டச்சப்:

கோவை அண்ணா, கண்ணால் பார்ப்பது சரி. வெள்ளை, வெளிர் கலரில் எனக்கு அந்த வித்தியாசம் தெரிவதே இல்லை. வேறு வழி இருக்கிறதா?

ரெசின்_காரன்:

இருக்கிறது. ஐநூறு ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் போதும். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். தின்னரில் இருக்கும் டோலுயீன் போன்ற சால்வென்டுக்குச் சுமார் 400தான். அந்த வெப்பத்தைத் தண்ணீர் பேனலிலிருந்தே உறிஞ்சுகிறது. ஆகவே ஈரம் இருக்கும்வரை பேனல் பூத் காற்றைவிடக் குளிர்ந்தே இருக்கும். தண்ணீர் முழுக்கப் போனதும் வெப்பநிலை மேலே ஏறும். அடிக்காத பக்கத்துப் பேனலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே எண்ணுக்கு வந்துவிட்டால் பெரும்பாலும் காய்ந்துவிட்டது என்று பொருள். ஓரங்களிலும் மடிப்புகளிலும் தனியாகப் பாருங்கள், நடுவில் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்திப்பட வேண்டாம்.

நான் பெயிண்ட் டெக்னிக்கல் பக்கம் வேலை பார்ப்பவன். அதனால் குமிழ் ஏன் வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பலர் இதை "தண்ணீர் கொதித்துவிட்டது" என்று நினைக்கிறார்கள். 60 டிகிரியில் தண்ணீர் கொதிக்காது.

2கே கிளியரின் ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட். அது ரெசினோடு சேர்ந்து இறுக வேண்டும். நடுவில் தண்ணீர் கிடைத்தால் அதனோடும் சேரும். சேர்ந்தால் கரியமில வாயு பிறக்கும். ஒரு கிராம் தண்ணீர் முழுவதும் இப்படி மாறினால் ஒரு லிட்டருக்கு மேல் வாயு வரும் என்பது கணக்கு. பேஸில் மிஞ்சும் தண்ணீரில் பெரும்பங்கு ஆவியாகத் தப்பித்துவிடும், எல்லாமே வினைபுரியாது. ஆனால் கிளியரின் மேல்தோல் இறுகியபின் அடியில் சிறிதளவு வாயு பிறந்தாலும் ஊசிமுனைக் குமிழுக்கு அது தாராளம்.

கிளியர் இளசாக இருக்கிறது என்றாரே, அதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அதே கணக்கில் ஒரு கிராம் தண்ணீர் சுமார் 20 கிராம் ஹார்ட்னர் ரெசினைத் தின்றுவிடும். நீங்கள் கிளியர் 2க்கு ஹார்ட்னர் 1 என்று சரியாக அளந்து ஊற்றியிருந்தாலும் பேனலின் மேல் அந்த விகிதம் இருக்காது. குமிழும் இளசும் சேர்ந்தே வந்தால் முதல் சந்தேகம் தண்ணீர் மேல்தான். குமிழ் மட்டும் வந்து கிளியர் நன்றாக இறுகியிருந்தால் சால்வென்ட் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். கண் போல வட்டமாக விலகி நடுவில் பள்ளம் இருந்தால் எண்ணெய், கம்ப்ரஷர் லைனைப் பாருங்கள்.

ஒரு குமிழை 2000 நம்பரில் மெதுவாகத் தேய்த்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். குழி கிளியருக்குள்ளேயே முடிகிறதா, பேஸ் வரை இறங்குகிறதா என்று தெரிந்துவிடும்.

அம்பத்தூர்_பூத்:

பார்த்துவிட்டேன் சார். குழி பேஸ் வரை இறங்குகிறது. அடியில் சில்வர் துகள் தெரிகிறது.

கோவை_பேனல்:

அப்படியானால் சந்தேகமே இல்லை.

கம்ப்ரஷரையும் விட்டுவிடாதீர்கள். 30 டிகிரி, 80 சதவீத ஈரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் தண்ணீர் இருக்கிறது. எச்விஎல்பி கன் நிமிடத்துக்கு 400 லிட்டருக்கு மேல் காற்று குடிக்கும். ஒரு மணி நேரம் தொடர்ந்து அடித்தால் அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் கம்ப்ரஷருக்குள் நுழைகிறது. டேங்கில் வடிந்தது போக மீதி எங்கே போகிறது? காற்றைக் குளிர வைத்து ஈரத்தைப் பிரிக்கும் ரெஃப்ரிஜிரேட்டட் டிரையர் இல்லாமல் சென்னையில் வாட்டர்பேஸ் அடிக்க நான் ஒப்ப மாட்டேன். டிரையருக்குப் பிறகு எண்ணெய் ஃபில்டர், கார்பன் ஃபில்டர். காலையில் டேங்கின் அடி வால்வைத் திறந்து விடுவதை ஒரு பையனின் பொறுப்பாக்குங்கள்.

தண்ணீரின் பரப்பு இழுவிசை அதிகம் என்பதால் எண்ணெய்ப் பிசுக்கை வாட்டர்பேஸ் மன்னிக்காது. சால்வென்ட் பேஸ் ஓரளவு கரைத்துக்கொண்டு போய்விடும். அதனால் பேனலை முதலில் சால்வென்ட் டிகிரீசரில் துடைத்து, அது காயும் முன்னால் காய்ந்த துணியால் எடுத்து, அப்புறம் வாட்டர்பேஸ் கிளீனரில் இன்னொரு முறை துடையுங்கள். வியர்வை உப்பு சால்வென்டில் கரையாது. இரண்டாவது துடைப்பு அதற்குத்தான். கையுறை போடாமல் பேனலைத் தொடாதீர்கள்.

மதுரை_என்சி:

நீங்கள் எல்லோரும் பூத், டிரையர், புளோயர் என்று பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் தகரக் கொட்டகையும் தரையில் தண்ணீர் தெளித்ததும்தான் பூத். இவ்வளவு சாமான் போட்டு ஒரு கதவுக்கு என்ன கூலி வாங்க முடியும்? சட்டமும் கேட்கவில்லை, கஸ்டமரும் கேட்கவில்லை. சால்வென்டில் கலர் மேட்ச் ஆகவில்லையா? எத்தனையோ வண்டி செய்து கொடுத்திருக்கிறோம்.

ரொறன்ரோ_பெயின்ரர்:

மதுரை அண்ணா, உங்கள் கேள்வி நியாயமானதுதான். பூத்தும் காய்ந்த காற்றும் இல்லாத இடத்தில் வாட்டர்பேஸ் அடிக்கச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்த மாட்டேன். அடித்தால் அம்பத்தூர் தம்பிக்கு வந்தது போலத்தான் வரும்.

ஆனால் சட்டத்துக்காக மட்டும் செய்தது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஐரோப்பாவில் 2007 ஜனவரியிலிருந்து இதே 420 கிராம் வரம்பு வந்தபோது பெயின்ரர்மார் எதிர்த்தார்கள் என்பது உண்மை. இன்றைக்கு எனக்கு யாராவது சால்வென்ட் பேஸ் கொடுத்தாலும் மெட்டாலிக்குக்கு வாட்டர்பேஸ்தான் எடுப்பேன். தண்ணீர் போகப் போகப் படலம் நன்றாகச் சுருங்கும், அலுமினியத் துகள்கள் தட்டையாகப் படுக்கும். வண்டிக் கம்பனிகளில் பலவும் வாட்டர்பேஸ்தான் அடிக்கின்றன. அந்தக் கலருக்குக் கிட்டப் போவது சுலபம். பக்கத்துப் பேனலில் கலரைப் படிப்படியாக மெல்லிசாக்கிக் கலப்பதும் எளிது, விளிம்பு தெரியாது.

உங்களுக்கே உபயோகப்படுகிற ஒன்று சொல்கிறேன். பழைய என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ற் மேல் சால்வென்ட் பேஸ் அடித்தால் ஓரம் சுருங்கித் தூக்கும் இல்லையா? வாட்டர்பேஸில் அது வெகுவாகக் குறையும், அடியில் இருப்பதைக் கரைக்கும் வலு அதில் இல்லை.

அப்புறம், நாள் முழுக்கத் தின்னர் மணத்துக்குள் நிற்கிற உடம்பு உங்களுடையதுதான் அண்ணா.

மதுரை_என்சி:

என்சி ஓரம் தூக்காது என்பது புது விஷயம். அதற்காக ஒரு பழைய கதவில் சோதித்துப் பார்க்கிறேன். மற்றபடி என் கருத்தில் மாற்றம் இல்லை. சின்ன ஷாப்புக்கு இது இன்னும் எட்டவில்லை.

ரியாத்_கன்:

இங்கே நேர் எதிர். சவூதிக் கோடையில் 45 டிகிரி, ஈரப்பதம் பத்து பதினைந்து. பேஸ் கன்னை விட்டு வெளியே வந்து பேனலில் இறங்கும் முன்னாலேயே தண்ணீர் பறந்துவிடும். பேனலில் மணல் போட்ட மாதிரி வறட்டுத் துகளாக உட்காரும். மெதுவாகக் காயும் ரெட்யூசர் (பெயிண்டை நீர்க்க வைக்கும் திரவம்) போட்டு, கலக்கும் சதவீதத்தையும் டெக் ஷீட் (பெயிண்ட் கம்பெனி தரும் செய்முறைத் தாள்) அனுமதிக்கும் மேல் எல்லைக்குக் கொண்டுபோய்த்தான் அடிக்கிறோம். கூலர் காற்று பூத்துக்குள் வந்தால் நாங்கள் சந்தோஷப்படுவோம்!

ரெசின்_காரன்:

ரியாத் நண்பர் சொன்னதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. ஈரப்பதம் எப்போதுமே எதிரி என்று நினைக்க வேண்டாம். கார் தொழிற்சாலைகளில் வாட்டர்பேஸ் அடிக்கும் பூத்தை 20களின் நடு டிகிரியிலும் 60 முதல் 70 சதவீத ஈரப்பதத்திலும் வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். பேனலில் விழும் துளி பரவிப் படிய அந்த ஈரம் தேவை. அடித்து முடித்ததும் தனி அறையில் சூடான காய்ந்த காற்றால் தண்ணீரை விரட்டிவிட்டு, அப்புறம் கிளியர் அடித்து 140 டிகிரி அளவில் வேக வைப்பார்கள். அடிக்கும்போது ஒரு காற்று, காய வைக்கும்போது வேறு காற்று. நம் ஷாப்பில் இரண்டு அறை இல்லை. அதனால் ஒரே பூத்தில் அடித்து முடித்த நிமிடம் பர்னரையும் புளோயரையும் ஏற்றி அந்த வேலையைச் செய்கிறோம்.

இன்னொன்று. எல்லா வாட்டர்பேஸும் ஒரே முறையில் அடிப்பதல்ல. க்ரோமாக்ஸ் ப்ரோ மாதிரியானவை ஈரத்தின் மேல் ஈரமாக, நடுவில் காய விடாமல் ஒன்றரைக் கோட்டாக அடிக்கும்படி செய்யப்பட்டவை. வேறு சில சிஸ்டத்தில் ஒவ்வொரு கோட்டும் மங்கிய பிறகுதான் அடுத்தது. ஒன்றில் பழகிய கையோடு இன்னொன்றை அடித்தால் மேகம் வரும். டப்பாவின் டெக் ஷீட்டை ஒருமுறை முழுக்கப் படியுங்கள்.

அம்பத்தூர்_பூத்:

மேகம் பற்றி யாராவது சொல்லுங்கள். குமிழ் புரிந்துவிட்டது. டிராப் கோட் நான் அதே 2 பாரில்தான் அடித்தேன்.

கோவை_பேனல்:

அதுதான். எங்கள் சிஸ்டத்தில் நான் செய்வதைச் சொல்கிறேன், உங்கள் ஷீட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு கோட்டின் வேலை மறைப்பது. நடுத்தர ஈரத்தில், பாதிக்கு மேல் ஓவர்லேப் வைத்து அடித்து, அடி தெரியாத அளவு வந்ததும் நிறுத்திவிடுங்கள். கனமாக அடித்து ஒரே கோட்டில் மறைக்கப் பார்க்காதீர்கள். கனமான ஈரத்தில் அலுமினியத் துகள் மிதந்து நகரும், கூட்டம் கூட்டமாக நிற்கும். மேகத்தின் பிறப்பிடம் அது.

இரண்டாவது கோட் முழுக்க மங்கிய பிறகு டிராப் கோட். காற்றை 1.3 பார் அளவுக்கு இறக்குங்கள். தூரத்தை ஒன்றரை மடங்காக்குங்கள். வழக்கமாக 15 சென்டிமீட்டர் என்றால் இப்போது 25க்குப் பக்கத்தில். கையைக் கொஞ்சம் வேகமாக்கி, குறுக்கு நெடுக்காகத் தூவிவிட்டுப் போங்கள். பேனல் ஈரமாகத் தெரியக் கூடாது, பனி படிந்த மாதிரி இருந்தால் போதும். 2 பாரில் அடித்தால் அந்தக் கோட்டும் ஈரக் கோட்டாகவே விழுந்து துகளைத் திரும்பக் கலைத்துவிடும்.

அடித்த கலரை ஈரத்தில் பார்த்துப் பயப்படாதீர்கள். ஈரத்தில் பால் கலந்த மாதிரி வெளுத்து இருக்கும், காய்ந்ததும் மாறும், கிளியர் ஏறினால் இன்னும் மாறும். மேட்சிங் கார்டை முழு முறையில் அடித்து, அதன் மேல் கிளியரும் போட்டு, வெளிச்சத்தில் வைத்துப் பார்க்காமல் வண்டியில் கை வைக்க வேண்டாம்.

600 நம்பரும் கொஞ்சம் முரடுதான். வாட்டர்பேஸ் படலம் மொத்தமே 15 முதல் 25 மைக்ரான். கீறலை மூட அதில் சதையில்லை. நான் 800இல் முடிப்பேன், கலக்கும் பக்கத்துப் பேனலை 1000க்கு மேல். தேய்த்ததில் எங்காவது தகரம் தெரிந்தால் எபாக்சி பிரைமரால் மூடிவிட்டுத்தான் பேஸ். பள்ளத்தை நிரப்பிய பட்டியின் விளிம்பு திறந்திருந்தால் அதுவும் தண்ணீரைக் குடித்து வீங்கி, பேக் முடிந்ததும் கோடாகத் தெரியும்.

திருச்சி_டச்சப்:

கிளியருக்கு என்ன வேக ஹார்ட்னர் போடுவீர்கள்? மழை என்றால் சீக்கிரம் காயட்டும் என்று எங்கள் ஷாப்பில் ஃபாஸ்ட் போடச் சொல்கிறார்கள்.

கோவை_பேனல்:

மழை என்றாலும் சென்னையிலும் திருச்சியிலும் 28, 30 டிகிரி. ஃபாஸ்ட் போட்டால் மேல்தோல் சட்டென்று மூடிக்கொள்ளும், அடியில் இருக்கும் சால்வென்டுக்கு வழி இருக்காது. முழு பானெட், முழுப் பக்கவாட்டு என்றால் ஸ்லோ ஹார்ட்னர், ஸ்லோ தின்னர். ஒரு ஃபெண்டர் அளவுக்கு மீடியம். இரண்டு கோட், நடுவில் விரலால் மாஸ்கிங் பேப்பரைத் தொட்டால் நூல் இழுக்காத நிலை வரும்வரை காத்திருங்கள். மொத்தம் 50, 60 மைக்ரான் போதும். பளபளப்புக்காக மூன்றாவது கோட் ஏற்றுகிறவர்கள் அதிகம், அதில் பாதிப் பேருக்குக் குமிழ் வருகிறது. பேக் ஏற்றும் முன்னால் பத்து நிமிடம் சும்மா நிற்கட்டும். 60 டிகிரி என்பது தகரத்தின் சூடு, பூத் மீட்டர் காட்டும் காற்றின் சூடு இல்லை. தகரம் 60ஐத் தொட்டதிலிருந்து அரை மணி நேரம் எண்ண வேண்டும்.

ரெசின்_காரன்:

இதில் ஒன்றை அழுத்திச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

வாட்டர்பேஸுக்கு மாறிய ஷாப்களில் "இப்போது தண்ணீர்தானே" என்று மாஸ்க்கை மறந்துவிடுகிறார்கள். பேஸ்தான் தண்ணீர். கிளியரின் ஹார்ட்னர் அதே ஐசோசயனேட். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமையாகிவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலும் மூச்சு இறுக்கும், பெயிண்டர் தொழிலையே விட வேண்டி வரும். பிரிட்டனில் தொழில்வழி ஆஸ்துமாவின் முக்கியக் காரணங்களில் ஒன்றாக இதைத்தான் அரசுப் பாதுகாப்புத் துறை குறிப்பிடுகிறது. மணமும் கிடையாது, அதனால் மூக்கு எச்சரிக்காது. கார்பன் மாஸ்க் எப்போது தீர்ந்தது என்று உங்களுக்குத் தெரிய வழியே இல்லை. கர்ச்சீப் பற்றிப் பேசவே வேண்டாம்.

வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் ஏர்ஃபெட் மாஸ்க் வாங்குங்கள். கன்னை வைத்ததும் வைசரைத் தூக்கிக் கிளியரின் பளபளப்பைப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. அந்த நிமிடத்தில்தான் பூத்தில் மூடுபனி முழுதாக மிதக்கிறது. புகை விட்டுப் பார்த்து உங்கள் பூத் எத்தனை நிமிடத்தில் சுத்தமாகிறது என்று கண்டுபிடித்து, அந்த எண்ணைக் கதவில் எழுதி ஒட்டுங்கள். அதுவரை வைசர் இறங்கியே இருக்கட்டும். எடுபிடிப் பையனையும் உள்ளே விடாதீர்கள். பூத் போட லட்சங்கள் செலவழித்தவர்கள் மாஸ்க்கில் கணக்குப் பார்ப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ரியாத்_கன்:

நூற்றுக்கு நூறு. எங்கள் ஷாப்பில் கூட வேலை பார்த்த ஒருவர் இந்தக் காரணத்தால்தான் ஊருக்குத் திரும்பினார். கிளியர் டப்பா திறந்தாலே அவருக்கு இருமல் வந்துவிடும்.

அம்பத்தூர்_பூத்:

ஏர்ஃபெட் மாஸ்க் ஒன்றுதான் இருக்கிறது, பெயிண்டர் இரண்டு பேர். இன்னொன்றுக்கு ஆர்டர் சொல்லிவிட்டேன்.

பூத்தை மாற்றி ஒரு ஃபெண்டரில் பார்த்தோம். ஸ்ப்ரே மோடு, 38 டிகிரி, வெஞ்சுரி இரண்டு. வெளியே ஈரப்பதம் 83. பூத்துக்குள் 50க்குக் கீழே காட்டியது. தெர்மாமீட்டர் முறையும் வேலை செய்கிறது, ஈரத்தில் ஃபெண்டர் 30, அடிக்காத கதவு 36 காட்டியது. இரண்டும் ஒன்றானதும் கிளியர் போட்டோம். குமிழ் இல்லை. வளைவின் உள்பக்க ஓரத்தில் மட்டும் காய அதிக நேரம் எடுத்தது. மேகம் இன்னும் லேசாக இருக்கிறது, டிராப் கோட் கை பழக வேண்டும்.

கடைசியாக ஒரு கேள்வி. கன் கழுவும் தண்ணீரை என்ன செய்கிறீர்கள்? பையன் முதலில் தின்னரில் கழுவினான், கன்னுக்குள் ஜெல்லி மாதிரி கட்டிவிட்டது.

ரொறன்ரோ_பெயின்ரர்:

தின்னர் பட்டால் வாட்டர்பேஸ் அப்படித்தான் திரண்டு கட்டும். முதலில் தண்ணீரிலோ வாட்டர்பேஸ் கன் கிளீனரிலோ முழுக்கக் கழுவுங்கோ. பெயின்ற் போன பிறகு கடைசியாகச் சால்வென்ட் கொஞ்சம் விட்டு உலர்த்தலாம். கன்னின் உள்வழி ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் துருவும். வடிகட்டியும் நைலோன் வலையாக வாங்குங்கோ, பசை போட்டு ஒட்டிய காகித வடிகட்டியில் பசை ஊறிக் கலருக்குள் போய்விடும்.

கழுவிய தண்ணீரைத் தனி டிரம்மில் சேருங்கோ, தின்னர்க் கழிவோடு கலக்கக் கூடாது. அதில் போடுவதற்கென்று ஒரு தூள் இருக்கிறது, கலக்கிவிட்டால் பெயின்ற் எல்லாம் திரண்டு மிதக்கும். துணி ஃபில்டரில் வடித்தால் கீழே தெளிந்த தண்ணீர் வரும், அதையே அடுத்த முறை முதல் கழுவலுக்குப் பாவிப்போம்.

கோவை_பேனல்:

இங்கேயும் அப்படியே செய்யலாம். அந்தத் தூள் பெயிண்ட் விற்பவர்களிடமே கிடைக்கும். வடித்த சக்கையைக் குப்பையில் போடாதீர்கள், 2016 கழிவு விதிகளில் பெயிண்ட் சக்கை அபாயகரக் கழிவுப் பட்டியலில் இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற ஆட்கள் எடுத்துக்கொண்டு போவார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் பக்கத்து யூனிட்டுகளோடு சேர்ந்து ஏற்பாடு செய்தால் செலவு குறையும்.

திருச்சி_டச்சப்:

மீதிக் கலரை எவ்வளவு நாள் வைக்கலாம்? தகர டப்பாவில் ஊற்றி வைத்திருக்கிறேன்.

கோவை_பேனல்:

தகரத்திலிருந்து இன்றே மாற்றிவிடுங்கள், துரு கலருக்குள் இறங்கும். பிளாஸ்டிக் டப்பா, இறுக்கமான மூடி, 35 டிகிரியைத் தாண்டாத அறை. எவ்வளவு நாள் என்பது ரெட்யூசர் கலந்ததா இல்லையா என்பதைப் பொறுத்தது. உங்கள் டெக் ஷீட்டில் இரண்டுக்கும் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். எடுக்கும்போது மெதுவாகக் கிளறி, நைலான் வலையில் வடித்து, கார்டில் ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு வண்டிக்குப் போங்கள்.